ரெண்டு பேர் இடம் மாறினால்

டயகம
1961 ஜனவரி 8

மச்சானுக்கு,

இங்க எல்லாரும் சொகம்னு எழுதணும், எழுதிட்டேன். இனி உள்ளதச் சொல்றேன்.

உங்க கடுதாசி வந்துச்சு. காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிறப்ப, கணக்கப்பிள்ளை அத முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, திருச்சி மாப்பிள்ளை எழுதியிருக்காருன்னு சத்தம் போட்டுக் குடுத்தாரு. அத்தன பேரும் சிரிச்சாங்க. அப்படி மானத்த வித்து வாங்குன கடுதாசியில என்ன இருக்கு? படிப்பு நடக்கிறது, இங்கே மழை இல்லை. இதுக்கா மச்சான் தபால் தலை ஒட்டுனீங்க?

போன ஜூன்ல உங்க அப்பா செத்ததுக்கு வந்தீங்க. கருமாதி முடிஞ்சு ஜூலையில கப்பல் ஏறிட்டீங்க. வருசம் திரும்பினதும் கல்யாணம்னு எங்க அப்பாவும் அத்தையும் பேசி வச்சதுக்குத் தலையாட்டிட்டுத்தான் போனீங்க. மறந்திருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன்.

இப்ப விசயம் வேற. அம்பத்தொண்ணுல இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட மனு இப்பத்தான் நகருது. உங்க வீட்டு மனுவுல அத்தை, நீங்க, தங்கச்சி நாகலெட்சுமி மூணு பேர். நாட்ட விட்டுத் தொடர்ந்து ஒரு வருசத்துக்கு மேல வெளிய இருந்தா பேர வெட்டிருவாங்களாம். அதனால ஜூலைக்குள்ள வந்து நிக்கணும். பரீட்சை முடிஞ்சும் அங்க என்னத்தப் படிச்சிக்கிட்டு இருக்கீங்க? பிள்ளைக்காம்பராவுல வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களுக்குத் தொட்டில் ஆட்டுறவளுக்குப் புரியாதுன்னு நெனைக்காம எழுதுங்க.

வர்ற தேதி தெரிஞ்சா கடுதாசி போடுங்க. தந்தி மட்டும் அடிச்சிராதீங்க. போன மாசம் மேல் லயத்து வீட்டு வரிசையில வேலாயிக்கு ஒரு தந்தி வந்துச்சு. பிரிக்கிறதுக்குள்ள லயமே ஒப்பாரி வச்சிருச்சு, அவ மயங்கி விழுந்து முன்பல்லு போச்சு. படிச்சுப் பாத்தா அவ தம்பிக்கு ஆம்பளப்புள்ள பொறந்திருக்காம். எனக்கு என் பல்லு வேணும்.

மீனம்மா


உறையூர், திருச்சிராப்பள்ளி
1961 ஜனவரி 29

மீனா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு தந்தி விஷயத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அப்பா போன செய்தி தந்தியில்தான் வந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் பேச்சியம்மா பெரியம்மா, வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். தந்தி கிடையாது, நிச்சயம்.

என்ன படிக்கிறேன் என்று கேட்டாய். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எல்லாப் பொருளும் மிகச் சிறிய துகள்களால் ஆனது. எலக்ட்ரான் என்று ஒன்று. ஒரு எலக்ட்ரானுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே கிடையாது. இரட்டைப் பிள்ளைகளுக்காவது எங்கேயாவது ஒரு மச்சம் இருக்கும், இவற்றுக்கு அதுவும் இல்லை. எது எது என்று யாராலும் சொல்ல முடியாது, எத்தனை என்று மட்டும்தான் சொல்லலாம்.

ஒவ்வொரு துகளுக்கும் பிறவியிலேயே ஒரு சுழற்சி உண்டு. பம்பரம் மாதிரி நிஜமாகச் சுற்றுவதில்லை. ஆனால் வேறு சொல் அகப்படவில்லை. சிலவற்றுக்கு அது முழு எண், சிலவற்றுக்கு அரை. முழு எண்காரர்கள் ஒரே நிலையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வந்து சேர்வார்கள், கூட்டம் சேரச் சேர இன்னும் வருவார்கள். வெளிச்சம் அந்த வகை. அரைக்காரர்கள் அப்படியில்லை. ஒருவர் இருக்கும் நிலைக்கு இன்னொருவர் வரவே முடியாது. எலக்ட்ரான் அந்த வகை. இந்த ஒதுக்கம் மட்டும் இல்லையென்றால் பொருள் எல்லாம் தன்மேல் தானே சரிந்துவிடும், உங்கள் தேயிலை மலை உட்பட.

புரிகிறதா? புரியாவிட்டால் என்மேல்தான் குற்றம்.

கணேசமூர்த்தி


டயகம
1961 பிப்ரவரி 26

மச்சான்,

நல்லாவே புரியுது. கொழுந்து நெற கொறஞ்சா கங்காணி அரைப்பேர் போட்டு அரைநாள் கூலி தருவாருல்ல, அந்த மாதிரி எலக்ட்ரானுக்குப் பொறந்தப்பவே அரைப்பேர் போட்டுட்டாங்க. அதனால ஒருத்தருக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்கார விட மாட்டேங்குறாங்க. நாங்க லயத்துல ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் கெடக்குறோம், அந்தக் கணக்குல நாங்க வெளிச்சச் சாதியாக்கும்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். சுத்துறதுக்கும் சேந்து உக்கார்றதுக்கும் என்ன சம்பந்தம்? முழுசா சுத்துனா சேரலாம், பாதியா சுத்துனா சேரக்கூடாதுன்னு யார் வச்சது? ஏன்? அத மட்டும் நீங்க எழுதவே இல்ல.

இங்க எங்க அப்பா மனுவுக்கு உத்தரவு வந்திருச்சு. பொன்னையாவும் அவர் மக மீனம்மாவும் இலங்கைப் பிரஜையாகலாம், ஆடி மாசத்துக்குள்ள போய் சத்தியம் செஞ்சு கையெழுத்து வைக்கணும். அப்பா கடுதாசிய சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டு அழுதாரு. அத்தைக்கு இன்னும் ஆகல. நுவரெலியா பிரஜாவுரிமை ஆபீசுக்குப் போயிட்டுப் போயிட்டுத் திரும்புறாங்க. ஒரே கப்பல்ல வந்த குடும்பம், ஒரே தோட்டம், ஒரே லயம், எங்களுக்கு ஆச்சு, இவங்களுக்கு ஏன் ஆகலன்னு நானே கூடப் போயி கேட்டேன். கிளார்க்கு பாவம், நல்ல மனுசன். ஏன்னு எனக்கும் தெரியாது தங்கச்சி, விதி அப்படின்னாரு. கடைசி விசாரண ஜூலை நடுவுல. மகன் வரலன்னா மூணு பேர் மனுவும் போயிரும்னும் சொன்னாரு.

வாங்க மச்சான். அத்தைக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல. தினமும் பஸ்சு சத்தம் கேட்டா எட்டிப் பாக்குறாங்க.

மீனம்மா


உறையூர்
1961 மார்ச் 25

மீனா,

நீ கேட்ட கேள்வி உலகத்தில் பெரிய பெரிய தலைகள் கேட்ட கேள்வி. சுழற்சிக்கும் சேர்க்கைக்கும் என்ன சம்பந்தம்? நிரூபணம் இருக்கிறது, பக்கம் பக்கமாக. வரிவரியாக என்னால் எழுதிக்காட்ட முடியும். ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம், இதனால்தான் அது, என்று நாலு வார்த்தையில் சொல் என்றால் எனக்குத் தெரியவில்லை. பேராசிரியரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எனக்கும் தெரியாதப்பா என்றார்.

ஆனால் செய்து பார்க்கலாம், ஒரு சின்ன விளையாட்டு. ஒரு நீளத் துணியின் ஒரு முனையை நீ பிடித்துக்கொள், மறு முனையை நாகலெட்சுமி பிடிக்கட்டும். முறுக்கில்லாமல் நேராக இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மலையைப் பார்த்தபடி, உடம்பைத் திருப்பாமல், நடந்து இடம் மாறிக்கொள்ளுங்கள். நீ இருந்த இடத்தில் அவள், அவள் இருந்த இடத்தில் நீ. பார்க்கிறவனுக்கு ஒன்றுமே மாறவில்லை, இரண்டு பெண்கள் துணியைப் பிடித்து நிற்கிறார்கள். ஆனால் துணியை இழுத்துப் பார், ஒரு முழு முறுக்கு விழுந்திருக்கும். அரைச் சுழற்சிக்காரர்கள் அந்த முறுக்கை உணர்கிறவர்கள். இரண்டு பேர் இடம் மாறினால் அவர்கள் கணக்கில் கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிடும். இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்தால் மாறியதும் மாறாததும் ஒன்றுதானே? ஒன்று தன் கழித்தலுக்குத் தானே சமம் என்றால் அது பூஜ்யம். அதாவது அப்படி ஒரு இருப்பே கிடையாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்தது. இரண்டு அரைக்காரர்கள் இறுகச் சேர்ந்து ஜோடியாகிவிட்டால், அந்த ஜோடி ஒரு முழு. பிறகு அந்தத் தடை அதற்குக் கிடையாது. கடுங்குளிரில் அப்படிப்பட்ட ஜோடிகள் எந்த உராய்வும் இல்லாமல் ஓடும், தடுக்க ஆளில்லை.

சுற்றி வளைப்பானேன். கல்லூரியில் எனக்கு வேலை தருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தால்தான் நியமனம். அங்கே வந்தால் எனக்கு என்ன வேலை? தோட்டப் பள்ளியில் இரண்டாம் வாய்ப்பாடு. நீ இங்கே வந்துவிடேன். அம்மாவையும் தங்கச்சியையும் பிறகு அழைத்துக்கொள்ளலாம். நாம் ஜோடியாகிவிட்டால் மற்றதெல்லாம் தானே வழிவிடும் என்று தோன்றுகிறது.

மூர்த்தி


டயகம
1961 ஏப்ரல் 23

மச்சான்,

துணி விளையாட்ட செஞ்சு பாத்தோம். பிள்ளைக்காம்பராவுல தொட்டில் சீல ஒண்ண அவுத்து நானும் நாகலெட்சுமியும் பிடிச்சுக்கிட்டு, மலையப் பாத்தபடி நண்டு மாதிரி நடந்து இடம் மாறுனோம். முறுக்கு விழுந்துச்சுதான். பிள்ளைங்க எல்லாம் கையத் தட்டுச்சுக. நான் அப்படியே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நாங்க யாருமே திரும்பலையே, அப்புறம் துணிய யாரு முறுக்கினது?

இப்ப நீங்க கேட்டதுக்குப் பதில். வர மாட்டேன்.

எங்க அப்பாவுக்கு என்ன விட்டா யாரு? இருமல் வந்தா முதுகத் தடவ ஒரு கை வேணும். அத்தைய யாரு நுவரெலியாவுக்கு பஸ் ஏத்தி விடுவா? பிறகு அழைத்துக்கொள்ளலாமாம். நீங்க வரலன்னா அத்தை, தங்கச்சி மனுவும் போயிரும்னு எழுதினேனே, அந்த வரிய மட்டும் கண்ணு தாண்டிருச்சா? பத்து வருசமா அந்த மனுவுக்காக மாமா ஒவ்வொரு ஆபீஸ் படியா ஏறி எறங்கினாரு. அவரு செத்த மண்ணு காயல, மகன் பாஸ்போர்ட் எடுக்கப் போறாரு.

ரெண்டு அர சேந்தா ஒரு முழுன்னு எழுதுற கைக்கு, ஒரு தடவ கப்பல் ஏறி வரத் தெரியல. அங்க உள்ள ஏதாச்சும் ஒரு அரையப் பாத்து சேந்துக்குங்க. இனி எனக்கு எழுத வேணாம். நானும் எழுத மாட்டேன்.

மீனம்மா


உறையூர்
1961 ஜூன் 30

மீனா,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இன்று எழுதாமல் முடியாது.

வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் தோளில் கை வைத்தார். பாஸ்போர்ட்டுக்கு நான் எழுதவேயில்லை. நாளை மறுநாள் ரயில், மண்டபம் முகாமில் ஊசி போட்டு ஒரு வாரம் வைத்திருப்பார்களாம், அப்புறம் தனுஷ்கோடியில் கப்பல். விசாரணைக்கு முன்னால் வந்து நிற்பேன். அம்மாவிடம் சொல். உங்கள் அப்பாவிடமும் சொல். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன், போ.

தந்தி அடிக்கலாமா என்று தபாலாபீஸ் வரை போனேன். உன் பல்லை நினைத்துத் திரும்பிவிட்டேன்.

மூர்த்தி


டயகம
1961 ஜூலை 1

மச்சான்,

திட்டி எழுதினவளே திரும்ப எழுதுறேன், சிரிச்சுக்குங்க.

ரெண்டு மாசமா உங்ககிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. சரி, வேலைய ஒத்துக்கிட்டாரு, இனி வர மாட்டாருன்னு புரிஞ்சு போச்சு. நான் அப்பாகிட்ட கேட்டேன். அப்பா அடுப்புல ஒரு வெறகத் தள்ளி வச்சாரு. அப்புறம் சொன்னாரு, "நான் கெழவன், எங்க இருந்தாலும் ஒரு குழிதான். நீ போ." அத்தையும், அவன் இல்லாட்டி எங்க மனுவும் இல்லன்னு ஆயிருச்சு, நீயாச்சும் அவங்கூட இருன்னுட்டாங்க.

அதனால சத்தியம் செய்யப் போகல. கண்டியில இருக்கிற இந்திய ஆபீசுக்கு அலஞ்சு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துட்டேன். எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வேணாம்னு எழுதி, பெருவிரல் வேணாம், கையெழுத்தே போடுறேன்னு சொல்லிப் போட்டேன். நம்ம தோட்டத்துலேர்ந்து நாலு குடும்பம் போறாங்க, அவங்களோட அடுத்த வாரம் தலைமன்னார்ல கப்பல். நேரா உறையூர்ல பேச்சியம்மா பெரியத்தை வீட்டுக்கு வந்திருவேன். தந்தி அடிப்போமான்னு நாகலெட்சுமி கேட்டா. பெரியத்தைக்கு நெஞ்சு நின்னு போனா யாரு பதில் சொல்றதுன்னு வேணாம்னுட்டேன்.

எனக்குக் கோவமெல்லாம் இல்ல மச்சான். உங்களப் பாத்தாப் போதும்.

மீனம்மா


டயகம
1961 ஜூலை 20

மீனா,

உன் அப்பா கையில் என் கடிதம் இருந்தது, பிரிக்காமல். நீ போன மறுநாள் வந்ததாம். உன் கடிதம் இந்நேரம் பெரியம்மா வீட்டில் எனக்காகக் காத்திருக்கும், நீயே அதைப் பிரித்திருப்பாய்.

லயத்து வாசலில் இறங்கியபோது நாகலெட்சுமி ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அண்ணே, மதினி எங்கே என்றாள். நான் மண்டபத்தில் ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நாளில், உன் ரயில் அந்த வழியாகத்தான் போயிருக்கும். ஒரு ரயில் போனது நினைவிருக்கிறது. நான் தலை நிமிரவில்லை.

நான் வந்து இரண்டாம் நாள் விசாரணை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன் மீனா, அதை நீ நம்ப வேண்டும். அதிகாரி, மூன்று பேரும் சத்தியம் செய்தால் மூன்று பேருக்கும் இன்றே உத்தரவு, மகன் மறுத்தால் மனு மூடப்படும் என்றார். அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண் தெரியாதவர்கள் பிடிப்பது போல. நான் சத்தியம் செய்தேன். வேறு எந்த நாட்டின் உரிமையும் வேண்டாம் என்று கையெழுத்தும் வைத்தேன்.

ஆக, நீ அங்கே, நான் இங்கே. இடம் மாறிவிட்டோம். ஆபீஸ் கணக்கில் ஒன்றும் மாறவில்லை. டயகமவில் ஓர் ஆள், திருச்சியில் ஓர் ஆள். முன்பும் அதேதான், இப்போதும் அதேதான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுது.

மூர்த்தி


உறையூர்
1961 ஆகஸ்ட் 6

மச்சான்,

ஒரு தந்தி. ஒரே ஒரு தந்தி அடிச்சிருந்தாப் போதும். வேணாம்னு நான்தான் சொன்னேன், சரி. நான் சொன்ன எத்தனையோ பேச்ச நீங்க கேட்டதில்ல, இத மட்டுமா கேக்கணும்? என் பல்லு போனாத்தான் என்ன? பொக்கவாயோட உங்களக் கட்டிக்கிட்டிருப்பேனே.

ரெண்டு நாள் தூங்காம உங்களத் திட்டித் தீத்தேன். இப்பத் தீந்து போச்சு. அத்தை உங்க சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப நீங்க உதறிட்டு வந்திருந்தா, அந்த ஆளோட நான் குடும்பம் நடத்தியிருக்க மாட்டேன். அத மட்டும் தெரிஞ்சுக்குங்க.

நீங்க படுத்த மூலையிலதான் படுக்குறேன். செவுத்துல பென்சில்ல என்னமோ கணக்குப் போட்டு வச்சிருக்கீங்க. பெரியத்தை சுண்ணாம்பு அடிக்கப் போனாங்க, விடல. சாயங்காலம் உங்க கல்லூரி வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தேன். காவக்காரரு யாரப் பாக்கணும்னாரு. யாரும் இல்லன்னேன். இங்க பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில பிள்ளைங்களப் பாத்துக்கிற வேல கெடச்சிருக்கு. இங்க பொம்பளைங்க எல்லாரும் என்னச் சிலோன்காரின்னு கூப்பிடுறாங்க. அங்க இந்தியாக்காரின்னாங்க.

அப்பாவுக்கு ராத்திரி இருமல் வந்தா சுக்குத் தண்ணி குடுங்க. நெஞ்சுல தேய்க்கக் கூடாது, முதுகுல தேய்க்கணும்.

ஒண்ணு பேசி வச்சுக்குவோம். இனிமே ரெண்டு பேர்ல யாரு கெளம்புறதா இருந்தாலும் மொதல்ல தந்தி. கேக்காம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. நமக்குத் தந்தின்னா இனி நல்ல சேதி. பெரியத்தைக்கும் சொல்லி வச்சிட்டேன், சைக்கிள் மணி கேட்டா சிரிக்கணும்னு.

மீனம்மா


டயகம
1963 பிப்ரவரி 17

மீனா,

நீ இங்கே வரவும் நான் அங்கே வரவும் போட்ட இரண்டு மனுவுக்கும் ஆபீஸில் பதில் சொல்லிவிட்டார்கள். கொழும்பில், அரசாங்கம் கொடுத்ததை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர் அவர், இப்போது அனுமதிப்பதற்கில்லை என்கிறார்கள். கண்டி இந்திய ஆபீஸில், நீங்கள் இலங்கைப் பிரஜை, அங்கே குடியேற அனுமதி கேட்பதானால் அந்நியராக எழுதுங்கள், வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன். மாமா என் காம்பராவுக்கே வந்துவிட்டார். முதுகில்தான் தேய்க்கிறேன். உன்னைப் பற்றி அவர் கேட்பதில்லை. உன் கடிதம் வந்த நாளில் மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார், நீ எழுதிய அந்தப் பேச்சிலேயே படிக்க வேண்டும் அவருக்கு.

நீ வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொள்வதானால் நான் தடையில்லை. இதை எழுதுவதற்கு ஒரு வாரம் ஆனது.

மூர்த்தி


உறையூர்
1963 மார்ச் 10

மச்சான்,

கடைசி வரிய எழுத ஒரு வாரம் ஆச்சா? அந்த ஒரு வாரமும் தண்டம். இன்னொரு தடவ அப்படி எழுதினா தபாலத் திருப்பி அனுப்பிருவேன்.

அப்பாவுக்குப் பனியன் ரெண்டு, ஊருக்குத் திரும்பிப் போற ஒருத்தர்கிட்ட குடுத்து விட்டிருக்கேன். பெருசா இருந்தா நீங்க போட்டுக்குங்க.

மீனம்மா


டயகம
1964 நவம்பர் 15

மீனா,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். லயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்றுதான் எழுதியிருக்கிறது, யார் யார் என்று இல்லை. அறுபத்தொன்றில் உனக்கு எலக்ட்ரான் பற்றி எழுதினேனே, அன்று அதைப் பெரிய அதிசயம் என்று நினைத்து எழுதினேன்.

ஆனால் நமக்கு ஒரு நல்லது நடக்கும் போலிருக்கிறது. உன் பழைய கிளார்க், அந்த நல்ல மனுஷர், இப்போது கொழும்பில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். பிரஜையைக் கட்டிக்கொள்ள வருகிற பெண் என்று தனியாக ஒரு மனு போட்டோம். அதிகாரி மேசைக்குப் போய்விட்டது, பொங்கலுக்குள் உத்தரவு கையில் கிடைக்கலாம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். மாமாவிடம் சொன்னேன். அன்று இரவு இருமாமல் தூங்கினார்.

உத்தரவு வந்த அன்றைக்கே ஹட்டனுக்குப் போய்த் தந்தி அடிக்கிறேன். பெரியம்மாவைச் சிரிக்கச் சொல்.

மூர்த்தி


உறையூர்
1965 ஜனவரி 24

மச்சான்,

தந்தி வந்துச்சு.

பொங்கல் கழிஞ்சு ரெண்டாம் நாள், வாசல்ல சைக்கிள் மணி. பெரியத்தை பழக்கத்துல ஒப்பாரிக்கு வாயத் தொறந்தாங்க. சும்மா இருங்க, இது கல்யாணத் தந்தின்னு அதட்டிட்டு நான்தான் ஓடிப் போய் வாங்கினேன். தந்திக்காரருக்கு மிச்சமிருந்த வெல்லத்துல ஒரு துண்டு கையில குடுத்தேன். அவரு என்னயும் வெல்லத்தயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு. தந்தி இங்கிலீசுல இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, நாலு வீடு தள்ளி ஒரு வாத்தியார் இருக்காரு, அவர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். தெருவுல கேட்டவங்க எல்லார்கிட்டயும் எங்க மச்சான் அடிச்சிருக்காரு, என்னக் கூப்பிட்டிருக்காருன்னு சொல்லிக்கிட்டே போனேன். அந்த நாலு வீடு தூரம் வரைக்கும் நான் கல்யாணப் பொண்ணு.

வாத்தியாரு படிச்சுட்டு, பொன்னையாங்கிறது யாரும்மான்னு கேட்டாரு.

உங்க மேல தப்பில்ல மச்சான். சாவுக்குத் தந்தி அடிக்காம எப்படிச் சொல்லுவீங்க. எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வாரமா உங்க மேலதான் கோவமா இருந்தேன். வேற யாரு மேல படுறது?

கெளம்பலாம்னு பாத்தேன். பாஸ்போர்ட்டுல உத்தரவு இல்ல. இருந்தாலும் கப்பல் இல்ல. மார்கழியில அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே கடலுக்குள்ள போயிருச்சு. நான் எறங்கின அந்த ஸ்டேசன், தண்ணி குடிச்ச பைப்பு, ஒண்ணும் இல்லியாம். பெரியத்தை தலையில தண்ணி ஊத்தி விட்டாங்க. செவுத்துல உங்க கணக்கு இருக்கிற பக்கமா ஒரு வெளக்கு ஏத்தி வச்சேன். அப்பா படம் எங்கிட்ட இல்ல.

நீங்கதான் கொள்ளி வச்சீங்கன்னு நாகலெட்சுமி எழுதியிருக்கா. நான் நின்னு அழ வேண்டிய எடத்துல நீங்க நின்னு அழுதீங்கன்னும் எழுதியிருக்கா. அன்னிக்குத் துணியப் பிடிச்சு இடம் மாறினப்ப முறுக்கு எப்படி விழுந்துச்சுன்னு கேட்டேன், நீங்களும் பதில் சொல்லல. இப்ப கேக்கல. உத்தரவு வந்து திரும்பவும் இடம் மாறுனாலும் அப்பா இல்லாத எடத்துக்குத்தான் நான் வரணும்.

கடைசியா அவரு என்ன சொன்னாருன்னு எழுதுங்க. ஒண்ணும் சொல்லலன்னா அதயும் எழுதுங்க. பனியன் பத்துச்சான்னு நீங்க எழுதவே இல்ல, அதயும் எழுதுங்க.

உத்தரவு வந்தாலும் தந்தி வேணாம் மச்சான். கடுதாசியே போடுங்க. மெதுவா வரட்டும்.

மீனம்மா